ஒழுகும் டிரெய்லர் கூரை: பூசுவதற்கு முன் கழற்றிப் பார்த்த கதை

படுக்கைக்கு மேலே கூரைப் பலகையில் டீ சிந்தினாற்போல ஒரு கறை. டிரெய்லரை வாங்கியபோது உள்ளங்கை அளவுதான் இருந்தது. போன நவம்பரில் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் முகாமில் மூன்று இரவு மழையில் தங்கிவிட்டு வந்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகியிருந்தது. விரலால் அழுத்தினால் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

எங்களுடையது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்குகிற வீட்டு டிரெய்லர், 2009ஆம் ஆண்டினது. 24 அடி நீளம். மரச்சட்டம் அடித்து சுவர்களுக்கு அலுமினியத் தகடு போர்த்திய பழைய பாணி. நாங்கள் இருப்பது ஓரிகனில், போர்ட்லாண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில். சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையை அளந்து பார்த்தால் போர்ட்லாண்டின் மழையைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும். இங்கே அக்டோபரில் பிடிக்கிற தூறல் மே வரைக்கும் விட்டு விட்டு நசநசவென்று தொடரும். டிரெய்லர் கூரைக்கு எமன் இந்தத் தூறல்தான். ஒருமுறை நனைந்த மரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

கறைக்கு நேர் மேலே கூரையில் காற்றுப்போக்கி ஒன்று உண்டு, 14 அங்குலச் சதுரம். பழியை அதன்மேல் போட்டேன். நவம்பரிலேயே, மழை விட்ட ஒரு மதிய நேரத்தில், கடையில் கையில் கிடைத்த சிலிக்கான் பசைக் குழாயோடு ஏணியில் ஏறி, காற்றுப்போக்கியைச் சுற்றித் தாராளமாகப் பூசினேன். கை நீண்ட இடத்திலெல்லாம், முன்பக்க விளிம்பில்கூட, கொஞ்சம் இழுத்துவிட்டேன். டிசம்பரில் ஒழுகவில்லை. ஜனவரியில் மறுபடி ஒழுகியது. மறுபடி பூசினேன். பிப்ரவரியிலும் ஒருமுறை. மூன்று முறை பூசியும் கறை வளர்ந்துகொண்டே போனதும்தான், பூசுவதை நிறுத்திவிட்டு யோசிக்க உட்கார்ந்தேன்.

ஆர்.வி. என்று இங்கே சொல்லும் இப்படிப்பட்ட தங்கும் வண்டிகளின் கூரைக்கு சிலிக்கான் ஆகாது. ரப்பர் கூரையோடு அது உண்மையாகப் பிடிப்பதில்லை. சில மாதங்களில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. பழைய சிலிக்கான்மேல் புதிய சிலிக்கானே சரியாக ஒட்டாது. மூன்று மாதம் நான் செய்தது பழுதுபார்ப்பு இல்லை. ஆகஸ்டில் நானே சுரண்டி எடுப்பதற்கு வேலை சேர்த்துவைத்தேன்.

கூரை எதனால் ஆனது என்று தெரியாமல் எதையும் வாங்கக்கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன். டிரெய்லர்களில் இ.பி.டி.எம் என்ற செயற்கை ரப்பர், டி.பி.ஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பு, ஃபைபர்கிளாஸ், அலுமினியம் என்று பல வகை. எங்கள் கூரையை ஈரத்துணியால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி துணியில் ஒட்டியது. ஒரு துளையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. இ.பி.டி.எம்தான். இந்த ரப்பருக்குப் பெட்ரோலியம் கலந்த எதுவும் ஆகாது. உப்பி, அடிப்பலகையை விட்டுக் குமிழாக எழும்பிவிடும். எலுமிச்சை எண்ணெய் கலந்த துப்புரவுத் திரவங்களும் அப்படித்தான்.

இதை அப்பாவுக்குப் புரியவைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஜூலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, ஒரு டின் தாரை வாங்கி மேல ஊத்திட்டா சோலி முடிஞ்சுது. இதுக்குப் போயி ஒரு மாசமா யோசனையா?" என்றார். ஊர் மொட்டைமாடியில் அவர் அப்படித்தான் செய்து பத்து வருஷம் ஓட்டினார். இது சிமெண்ட் இல்லை அப்பா, ரப்பர், தார் அதைத் தின்றுவிடும் என்றேன். நம்பவில்லை. "எம்-சீலாவது ரெண்டு கொண்டுவந்திருப்பேன், நீ சொல்லலையே" என்று வருத்தப்பட்டுக்கொண்டார்.

ஆகஸ்டு முதல் வாரம் வேலையைத் தொடங்கினேன். இந்த ஊரில் ஆகஸ்டை விட்டால் வேறு மாதம் கிடையாது.

முதல் வேலை, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. டிரெய்லர் பட்டறைக்காரர்கள் இதற்கென்றே ஓர் ஊதுகருவி வைத்திருக்கிறார்கள். டிரெய்லருக்குள் லேசான காற்றழுத்தம் ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி பஞ்சர் பார்ப்பதேதான். நான் பெட்டி மின்விசிறியை வைத்து ஒப்பேற்றினேன். முதலில் கேஸ் சிலிண்டரை மூடினேன். சன்னல், காற்றுப்போக்கி எல்லாவற்றையும் சாத்தினேன். அடுப்பு மேலுள்ள புகைப்போக்கி வாயை டேப் போட்டு அடைத்தேன். கழுவுதொட்டிகளில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன், இல்லாவிட்டால் வடிகுழாய் வழியாகக் காற்று போய்விடும். வாசல் கதவளவுக்கு அட்டை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, விசிறியை உள்நோக்கி ஊதுமாறு பொருத்தினேன். நடுத்தர வேகமே போதும்.

அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே போனேன். கூரையில் நேரடியாகக் கால் வைக்கவில்லை. இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டுகள் இரண்டைப் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மண்டியிட்டே நகர்ந்தேன். சோப்புத் தண்ணீர் பட்ட ரப்பர் பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி வழுக்கும்.

நான் மூன்று முறை சிலிக்கானால் குளிப்பாட்டிய காற்றுப்போக்கியைச் சுற்றி ஒரு குமிழி இல்லை. ஒன்றுகூட. அது நிரபராதி.

குமிழிகள் முன்பக்கத்தில் வந்தன. கூரை ரப்பரும் முன்சுவர்த் தகடும் சேரும் குறுக்கு இணைப்பில், வலது ஓரத்திலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்கு, சோறு கொதிப்பதுபோல நுரைத்தது. அதற்குக் கீழே வரிசையாக இருக்கும் ஐந்து மஞ்சள் விளக்குகளில் இரண்டாவதன் தலைமாட்டிலும் குமிழி. வலது முன்மூலைச் சட்டத்தில் ஒரு திருகின் தலையிலும்.

அப்படியானால் கறை ஏன் மூன்றடி பின்னால்? எங்கள் வாகனப்பாதை வீட்டைப் பார்த்து ஏறும். டிரெய்லரின் மூக்கு வீட்டுப் பக்கம். அதாவது ஆண்டு முழுவதும் அது முன்பக்கம் உயர்ந்தே நிற்கிறது. முன்விளிம்பில் நுழைந்த தண்ணீர் உத்தரச் சட்டத்தோடு பின்னோக்கி ஓடி, காற்றுப்போக்கிக்கான துளை குறுக்கிட்ட இடத்தில் இறங்கியிருக்கிறது. அப்பாவிடம் சொன்னதும், "நம்ம ஓட்டு வீட்டுல முகட்டு ஓடு உடைஞ்சா தண்ணி திண்ணையிலதானடே சொட்டும், உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். ஆனால் அந்த நவம்பர் மதியம் நினைவுக்கு வரவில்லை.

விளிம்பைக் கழற்றினேன். குறுக்கு இணைப்பின்மேல் ஓர் அலுமினியப் பட்டை, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு திருகு, அதன்மேல் பழைய சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை), அதற்கும் மேல் என் சிலிக்கான். சிலிக்கானைக் கையாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் உரித்தேன். இரும்புச் சுரண்டி வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும். கீழே இருந்த பழைய சீலன்ட்டுக்கு வெப்பக் காற்றுத் துப்பாக்கியைக் குறைந்த சூட்டில் காட்டினால் மெழுகு மாதிரி வந்துவிடும். நான்கு காலை வேளைகள் இதற்கே போயின. வெயில் ஏறிவிட்டால் சீலன்ட் சவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும், ஆகவே ஏழு மணிக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கிவிடுவேன்.

திருகுகள் சதுரத்தலை வகை. இடதுபக்கம் முறையாக மறை கழன்று வந்தன. வலதுபக்கம் வந்ததும் ஆறு திருகுகள் விரலால் இழுத்தாலே வந்தன, நுனியெல்லாம் துரு. பட்டையைத் தூக்கினேன். அடியில் தொழிற்சாலையில் வைத்த பட்டி காய்ந்து, வெடித்து, பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சில இடத்தில் பட்டியே வைக்கவில்லை. செய்தவர் அவசரத்தில் இருந்திருப்பார்.

ரப்பரை எட்டு அங்குலம் பின்னோக்கிச் சுருட்டினேன். குறுக்குச் சட்டத்தில் இரண்டடி நீளம் உளுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கியது. கரியநிறத்தில், ஈரமாக, காளான் வாடையோடு அள்ளி எடுத்தேன், ஒரு வாளி நிறைய. கூரைப் பலகையிலும் ஒரு கை அகலம் போயிருந்தது. இதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த சீலன்ட்டைப் பூசினாலும் திருகு பிடிக்க மரம் இல்லை. ஓடும்போது பட்டை ஆடும், ஆடினால் விரியும், விரிந்தால் ஒழுகும். 60 மைல் வேகத்தில் போகும்போது மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னாலிருந்து அறைகிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மூன்று நாள் திறந்தே போட்டேன். விசிறி ஒன்று, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. முப்பது டாலர் ஈரமானியால் காலையும் மாலையும் குத்திப் பார்த்தேன். முதல் நாள் நல்ல மரத்திலேயே 30க்கு மேல் காட்டியது. மூன்றாம் நாள் 13. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை வளராது என்பது தச்சர்களின் கணக்கு. ஈரத்தோடு மூடினால் உள்ளே ஊறுகாய்தான்.

மாற்று மரத்துக்கு முதலில் மனத்தில் வந்தது, பூச்சிக்கும் ஈரத்துக்கும் மருந்தேற்றிய கட்டை. நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். அவர் முப்பது ஆண்டாக டிரெய்லர் வைத்திருப்பவர். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும் என்றார். சாதாரண உலர்ந்த ஃபர் என்ற ஊசியிலை மரக் கட்டையை வாங்கி, அளவுக்கு அறுத்து, நாலு பக்கமும் எபாக்ஸிப் பிசின் தடவி, பழைய சட்டத்தில் நல்ல பகுதியோடு ஓரடி மேலேறுமாறு பக்கத்தில் வைத்துத் திருகினேன். கூரைப் பலகைக்கு ஒரு துண்டு பிளைவுட். அதன்மேல் இ.பி.டி.எம்முக்கான தண்ணீர்ப் பசை தடவி, ரப்பரைத் திரும்ப விரித்து, சப்பாத்தி உருட்டுகிற மாதிரி உருளையால் அழுத்தினேன். ஒரு சுருக்கம் மட்டும் நின்றுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது, ஆனால் ஒழுகாது.

இனி பியூட்டைல் டேப். முக்கால் அங்குல அகலம், எட்டில் ஓரங்குலக் கனம், சாம்பல் நிறம், சூயிங்கம் மாதிரி. பழைய பட்டி எண்ணெய் வற்றிக் காய்ந்துபோகும். பியூட்டைல் ஆண்டுக்கணக்கில் மென்மையாகவே கிடக்கும். வேலையை உண்மையில் செய்வது பட்டைக்கு அடியில் நசுங்கி உட்காரும் இந்தப் பொருள்தான். மேலே கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் பூச்சு குடைக்கு மேல் பிடித்த இன்னொரு குடை. நானோ மேல்குடையை மட்டும் மூன்றுமுறை மாற்றியிருக்கிறேன்.

ரப்பரையும் பட்டையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு தடவை துடைத்தேன். பட்டையின் அடியில் டேப்பை ஒட்டி, தாளை உரித்து, இடத்தில் வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் திருகுகளை ஏற்றினேன். பழைய எட்டாம் எண் திருகுக்குப் பதில் பத்தாம் எண், கால் அங்குலம் நீளம் கூட, துருப்பிடிக்காத எஃகு. ஒரே மூச்சில் இறுக்கக்கூடாது. ஒரு சுற்று லேசாக, மறுநாள் வெயிலில் பியூட்டைல் இளகியபின் இன்னொரு சுற்று. இரண்டு ஓரத்திலும் பற்பசை மாதிரி பிதுங்கி வந்தால் சரி. வராத இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். பிதுங்கியதை சோப்புத் தண்ணீரில் நனைத்த பிளாஸ்டிக் கத்தியால் சீவினேன்.

அதன்மேல் டைகோர் என்ற கம்பெனியின் லேப் சீலன்ட், கூரை இணைப்புகளை மேலே மூடுவது. இதில் இரண்டு வகை. ஒன்று தானாகப் பரவும், சமதளத்துக்கு. மற்றது வழியாது, சாய்வுக்கும் செங்குத்துக்கும். தானாகப் பரவுவது தோசைமாவு பதத்தில் வரும். கரண்டியால் தேய்க்கவே வேண்டாம். திருகுத் தலைகளைத் தானே மூடிக்கொண்டு மழமழவென்று நிற்கும். பார்க்க அவ்வளவு திருப்தி. அந்தத் திருப்தியில் மயங்கி, கூரை வளைந்து இறங்கும் முன்விளிம்பிலும் அதையே விட்டேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், முன்சுவரில் விளக்குகள் வரை வெள்ளை வெள்ளையாக நாலைந்து ஒழுக்கு. அப்பா கீழே நின்றுகொண்டு, "இப்பம் சீலன்ட்டும் ஒழுகுதே" என்றார். துடைத்து எடுத்துவிட்டு, வழியாத வகையை வைத்தேன்.

காற்றுப்போக்கியைச் சுற்றியிருந்த சிலிக்கானையும் எடுத்துத்தான் ஆகவேண்டும். அது உரிந்த இடத்தில் ஒரு மினுமினுப்பு நிற்கும். விரலால் தேய்த்தால் வழுக்கும். அது போகிறவரை ஆல்கஹாலும் நார்த்துணியும். ஒரு காலை முழுவதும் தேய்த்தேன். நிரபராதியிடம் மன்னிப்புக் கேட்பதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மற்ற துளைகளைச் சுற்றியிருந்த பழைய டைகோரை முழுக்க எடுக்கவில்லை. உறுதியாகப் பிடித்திருந்தால் கழுவித் துடைத்துவிட்டு அதே வகையை அதன்மேலேயே விடலாம். ஓரம் தூக்கியிருந்ததையும் மயிரிழை வெடிப்பு விட்டிருந்ததையும் மட்டும் வெட்டி எடுத்தேன்.

ஏ.சி.யைச் சுற்றி எதுவும் பூசவில்லை. பார்க்கிற எல்லாரும் அங்கேதான் முதலில் குழாயை நீட்டுவார்கள். அது அடியில் ஒரு தடித்த நுரை வளையத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளிருந்து நான்கு போல்ட்டுகள் அதைக் கூரையோடு இறுக்குகின்றன. வளையம் சுமார் அரை அங்குலத்துக்கு நசுங்கியிருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, ஒன்றரைச் சுற்று கொடுத்தேன்.

கூரை நடுவில் ஏதோ கிளை உரசிய மூன்றங்குலக் கிழிசல் ஒன்று. அதற்கு எட்டர்னாபாண்ட் என்ற கூரை ஒட்டும் டேப். ஒட்டினால் ஒட்டியதுதான், தூக்கி நேராக்கும் பேச்சே இல்லை. முதல் துண்டு என் கையுறையோடு ஒட்டிக்கொண்டது. கையுறையை அங்கேயே விட்டுக் கொடுத்தேன். இந்த டேப்பை முன்விளிம்பிலும் ஓட்டியிருக்கலாமே என்று பெரியவர் கேட்டார். பலர் அப்படிச் செய்கிறார்கள், நன்றாகவும் நிற்கிறது. ஆனால் நாளைக்கு அந்தப் பட்டையை மறுபடி கழற்ற வேண்டி வந்தால் டேப்பைப் பிய்ப்பதற்குள் ரப்பர் போய்விடும். எனக்குக் கழற்ற முடிகிற வேலைதான் வேண்டும். கூரை முழுக்க வெள்ளைத் திரவப் பூச்சு அடிக்கலாம் என்ற யோசனையையும் அதனால்தான் தள்ளிவைத்தேன். இணைப்பு விட்டுப்போன கூரைக்கு அது பவுடர் அடிப்பது மாதிரி.

மூலைச் சட்டம் சீக்கிரம் முடிந்தது. திருகுகளை மறைக்கும் வினைல் பட்டை வெயிலில் சுருங்கி, கீழே இரண்டங்குலம் காணாமல் போயிருந்தது. உருவி, திருகுகளைக் கழற்றி, பழைய பட்டியைச் சுரண்டி, பியூட்டைல் வைத்து மூடினேன். புது வினைலை இழுத்துப் பொருத்தாமல் தளர்வாக அழுத்தி, ஓரங்குலம் கூடவே விட்டிருக்கிறேன், சுருங்கட்டும். ஐந்து விளக்குகளையும் மாற்றினேன். அவற்றுக்கு மேலும் இரு பக்கமும் மட்டும் சீலன்ட். அடிப்பக்கம் திறந்தே இருக்கவேண்டும். தவறி உள்ளே போன தண்ணீர் வெளியே வர ஒரு வழி வேண்டுமல்லவா. வெய்யில் மறைப்புத் துணி மாட்டியிருக்கும் பதினாறடிச் சட்டத்தைத் தொடவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும், அப்பாவை ஏணியில் ஏற்ற மனமில்லை.

ஒரு வார இறுதியில் முடிப்பேன் என்று வீட்டில் சொன்னது, மூன்று வாரக் காலைகள் ஆனது. செலவு 390 டாலர் சொச்சம்: சீலன்ட் 11 குழாய், பியூட்டைல் 4 சுருள், டேப், விளக்குகள், மரம், எபாக்ஸி எல்லாம் சேர்த்து. முன்விளிம்பு மட்டும் செய்ய ஒரு பட்டறையில் 2,800 கேட்டிருந்தார்கள். மரம் இவ்வளவு போயிருக்கும் என்று அவர்களுக்கும் அப்போது தெரியாது, ஆகவே அதுவும் ஏறியிருக்கும்.

சீலன்ட் மேலே சில மணி நேரத்தில் தோல் கட்டிவிட்டாலும் உள்வரை முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகும். அதனால் சோதனையைச் செப்டம்பர் கடைசியில் வைத்தேன். தோட்டக் குழாயைக் கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே கொண்டுபோனேன். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும். உள்ளே அப்பா டார்ச்சும் ஈரமானியுமாகப் படுக்கையில் படுத்துக்கொண்டு எண்களைச் சத்தமாகச் சொன்னார். பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் உண்மையான மழை பிடித்தது, நான்கு நாள் விடாமல். படுக்கைக்கு மேல் 12. காற்றுப்போக்கிச் சட்டத்தில் ஒருநாள் காலை ஈரம் பூத்திருந்தது; நெஞ்சு படபடத்தது. உள்ளே இரவெல்லாம் ஹீட்டர் ஓடியதால் குளிர்ந்த சட்டத்தில் படிந்த உள்காற்றின் ஈரம் அது. துடைத்தேன், காற்றுப்போக்கியை விரலளவு திறந்துவைத்தேன், மறுநாள் இல்லை.

பின்பக்க இடது மூலையில் மட்டும் ஈரமானி 19 காட்டுகிறது. ஜூலையில் அங்கே அளந்து வைக்கவில்லை, அதனால் இது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. பென்சிலால் சுவரிலேயே தேதியும் எண்ணும் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை மழை விட்டால் விசிறியையும் அட்டையையும் மறுபடி எடுக்கவேண்டும். சிலிக்கான் குழாயில் பாதி இன்னும் மிச்சமிருந்தது. அதைக் குளியலறைத் தொட்டி ஓரத்துக்கு வைத்துத் தீர்த்துவிட்டேன்.